சாவி யாருடைய கையில்? காசு போடும் பெட்டிகளைத் திருத்தியவர்களின் வரலாறு

அமெரிக்காவின் தொழிலாளர் புள்ளிவிபரத் திணைக்களம் அந்த நாட்டுத் தொழில்களை எல்லாம் வகைபிரித்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வைத்தியருக்கும் ஆசிரியருக்கும் தச்சருக்கும் இருப்பதுபோல, காசு போடும் இயந்திரங்களைப் பராமரித்துத் திருத்துவோருக்கும் அதில் தனி இடம் இருக்கிறது. காசு போட்டால் சோடா தருகிற பெட்டி, இரும்புக் குண்டு உருளும் பின்போல் மேசை, வீடியோ கேம் பெட்டி, சூதாட்டப் பெட்டி எல்லாம் இவர்களுடைய பொறுப்பு.

நமது ஊர்களில் இந்தப் பெட்டிகள் குறைவுதான். ஆனால் இந்தியாவுக்குப் போய்வந்தவர்கள் ரயில் நிலையங்களில் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஏறி நின்று காசு போட்டால் கலர் வெளிச்சம் சுற்றும், பிறகு உங்கள் நிறையும் கூடவே ஒரு பலனும் அச்சடித்த சின்ன அட்டை விழும். அந்த அட்டை விழாவிட்டால் என்ன செய்வீர்கள்? ஒரு தட்டுத் தட்டுவீர்கள். யாரையாவது கூப்பிடலாம் என்று பார்த்தால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

அப்படி 'யாரும் இல்லாமல்' ஒரு பெட்டி வருடக்கணக்காக ஓடமுடியுமா? முடியாது. யாரோ ஒருவர் வந்து அதைத் திறக்கிறார், காசை எடுக்கிறார், துடைக்கிறார், தேய்ந்த துண்டை மாற்றுகிறார், பூட்டிவிட்டுப் போகிறார். இந்தப் பெட்டிகளைப் பற்றி எழுதப்பட்ட வரலாற்றில் பெரும்பகுதி கண்டுபிடித்தவர்களின் வரலாறு. நாங்கள் இங்கே கேட்பது வேறு கேள்வி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சாவி உண்டு. அந்தச் சாவி எந்தக் காலத்தில் யாருடைய கையில் இருந்தது?

மறைந்திருக்கும் ஆள்

எங்களுக்குத் தெரிந்த மிகப் பழைய காசுப் பெட்டி கோயில் சம்பந்தப்பட்டது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹீரோ என்ற கணித அறிஞர் இதை விபரித்து எழுதியிருக்கிறார். மேலே உள்ள துளையில் காசைப் போட்டால் அது ஒரு தட்டில் விழும். பாரத்தால் தட்டுச் சாயும்போது, அதோடு இணைந்த தடி ஒரு அடைப்பைத் தூக்கும். புனித நீர் வழியும். காசு தட்டிலிருந்து வழுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். இன்றைக்கும் இந்த யோசனையின் எலும்பு மாறவில்லை: காசின் பாரம் ஏதோவொன்றை அசைக்க வேணும். உள்ளே நீரை நிரப்பவும் சேர்ந்த காசை அள்ளவும் ஒரு கை வேணும் என்பதும் மாறவில்லை.

அந்தக் கையை மறைப்பதற்காகவே பெட்டி செய்த ஒருவரும் இருந்தார். 1822இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கார்லைல் என்ற புத்தகக் கடைக்காரர், தோமஸ் பெயின் எழுதியவை போன்ற தடைசெய்யப்பட்ட நூல்களை விற்றுக்கொண்டிருந்தார். விற்றவர் யாரென்று தெரிந்தால் சிறை. அதனால் ஒரு பெட்டி வைத்தார். வாங்க வருபவர் வேண்டிய நூலின் பெயருக்கு நேரே முள்ளைத் திருப்பிக் காசைப் போட்டால் நூல் கீழே விழும். 'நான் விற்கவில்லை, பெட்டி விற்றது' என்று வாதாடலாம் என்பது கணக்கு. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. கார்லைலின் கடையில் வேலை செய்த ஒருவர் தண்டிக்கப்பட்டார். பெட்டி முதலாளியைக் காப்பாற்றப் பார்த்தது, மாட்டிக்கொண்டது வேலையாள். இந்தத் தொழிலின் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்று எங்களுக்குப் படுகிறது.

தோடம்பழத் தோல்

1880களில் இந்தப் பெட்டிகள் தெருவுக்கு வந்தன. 1883இல் பேர்சிவல் எவரிட் என்பவர் லண்டனில் தபால் அட்டை விற்கும் பெட்டியை வைத்தார். ரயில் நிலையங்களிலும் தபாலகங்களிலும் அது பரவியது. 1888இல் நியூயோர்க்கின் மேம்பால ரயில் நிலையங்களில் தோமஸ் அடம்ஸின் கம்பனி சூயிங்கம் விற்கும் பெட்டிகளை நிறுத்தியது.

வந்த உடனேயே பிரச்சினையும் வந்தது. எவரிட் பிறகு எடுத்த ஒரு காப்புரிமை ஆவணத்தில் ஒரு முறைப்பாடு இருக்கிறது: இயந்திரம் நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் சனங்கள் வேணுமென்றே காசு போடும் துளைக்குள் காகிதத்தையும் தோடம்பழத் தோலையும் குப்பையையும் திணிக்கிறார்கள். திருத்துபவர் என்ற தொழில் இயந்திரம் பழுதாவதால் மட்டும் உண்டானதில்லை. மனிதர்கள் இயந்திரத்தோடு நடந்துகொள்ளும் விதத்தாலும் உண்டானது.

கடையில் ஆள் இருந்தால் சண்டை வாயால் நடக்கும். ஆள் இல்லாவிட்டால் கையால் நடக்கும். 1930களில் ஹரி வில்லியம்ஸ் என்ற பின்போல் வடிவமைப்பாளர், விளையாடுபவர்கள் மேசையை அடியிலிருந்து அறைந்து குண்டை வேண்டிய குழிக்குள் விழுத்துவதைக் கண்டார். முதலில் மேசையின் அடியில் ஆணிகளை அடித்து முனைகளை வெளியே நீட்டிவிட்டாராம்! பிறகு அதைவிட நாகரிகமான வழியொன்றைக் கண்டுபிடித்தார். மேசையை அளவுக்கு மேல் ஆட்டினால் ஆட்டத்தையே நிறுத்திவிடும் 'டில்ற்' அமைப்பு அது. பிற்காலத்தில் வழக்கமான வடிவத்தில் அது ஒரு வளையத்துக்குள் தொங்கும் சின்ன ஊசல்தான். ஆட்டம் கூடினால் ஊசல் வளையத்தில் முட்டும், மின்சுற்று மூடும், ஆட்டம் முடியும்.

சோடாப் பெட்டிகளின் கதை இதைவிடத் துயரமானது. விழாத போத்தலுக்காகவோ இலவசப் போத்தலுக்காகவோ பெட்டியைச் சாய்த்து உலுப்பியவர்கள்மீது அது விழுந்து, அமெரிக்காவில் 1978க்கும் 1995க்கும் இடையில் அறியப்பட்ட அளவில் 37 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பெட்டிகளில் எச்சரிக்கைப் படம் ஒட்டுவதும் சுவரோடு சேர்த்து இறுக்குவதும் பரவலாகின. போத்தல் சிக்காமல் விழுகிறதா, பெட்டி சரியாக நிற்கிறதா என்று பார்ப்பது ஒரு உயிரைப் பார்க்கிற வேலையும்தான்.

ஒரே கையில் எல்லாம்

1890களின் கடைசியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் சார்ல்ஸ் ஃபே என்ற ஒரு மெக்கானிக் இருந்தார். ஜேர்மனியின் பவேரியாவிலிருந்து வந்து குடியேறியவர். மூன்று உருளைகள் சுழன்று நிற்கும் 'லிபர்ட்டி பெல்' சூதாட்டப் பெட்டியைச் செய்தவர் இவர்தான். மூன்று மணிச் சின்னங்கள் வரிசையில் நின்றால் பெட்டியே தானாகக் காசைக் கொட்டும்.

இதில் எங்களைக் கவர்ந்தது அவர் செய்த வியாபாரம். அவர் பெட்டிகளை விற்கவில்லை. மதுக்கடைகளில் வைத்துவிட்டு, சேர்ந்த காசில் பாதியைக் கடைக்காரருக்குக் கொடுத்துப் பாதியைத் தான் எடுத்தார். செய்தவரும் அவர், சொந்தக்காரரும் அவர், திருத்தியவரும் அவர். சாவி முழுக்க அவருடைய கையில். சூதாட்டம் நல்ல தொழில் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அறிவும் உழைப்பும் சொத்தும் ஒரே ஆளிடம் இருந்த ஒரு காலம் இந்தத் தொழிலில் இருந்தது என்பதைத்தான் சொல்கிறோம்.

அது நீடிக்கவில்லை. 1905இல் ஒரு மதுக்கடையிலிருந்து அவருடைய பெட்டி ஒன்று களவு போனதாகச் சொல்வார்கள். கொஞ்சக் காலத்தில் சிக்காகோவின் மில்ஸ் நிறுவனம் அதே மாதிரிப் பெட்டியைத் தொழிற்சாலையில் செய்து விற்கத் தொடங்கியது. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் தீயிலும் ஃபேயின் பட்டறை அழிந்தது. அதற்குப் பிறகு செய்பவர் வேறு, சொந்தக்காரர் வேறு, திருத்துபவர் வேறு.

பத்துக் கடை, ஒரு வான்

சிக்காகோதான் இந்தத் தொழிலின் தலைநகரம். 1931இல் டேவிட் கொட்லீப்பின் 'பஃபிள் போல்' அங்கேதான் வந்தது. பெருமந்த காலத்தில் கையில் காசில்லாத சனங்கள் ஒரு சதத்துக்குச் சில நிமிடம் கவலை மறந்தார்கள். பெட்டிகளை வாங்கிக் கடைகடையாக வைத்து, சுற்றிவந்து காசு அள்ளுகிற இடைத்தரகர்கள் உருவானார்கள். அந்தச் சுற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரூட்'. ரூட்டில் போகிற மெக்கானிக்கிடம் சாவிக்கொத்து இருந்தது. பெட்டி அவருடையதில்லை.

ஆனால் அறிவு அவரிடம்தான் இருந்தது. 1970களின் நடுப்பகுதிக்கு முந்திய ஒரு பின்போல் மேசையைத் திறந்து பார்த்தால் தலை சுற்றும். நூற்றுக்கணக்கான மீற்றர் வயர், வரிசையாக றிலேக்கள், குண்டை உதைக்கும் வரிச்சுருள்கள், புள்ளிகளை எண்ணும் சக்கரங்கள். சிப் ஒன்றும் கிடையாது. மெல்லச் சுற்றும் ஒரு மோட்டார், அதன் தட்டுகள் தொடும் சுவிற்ச்சுகள், இதுதான் அந்த இயந்திரத்தின் மூளை. புள்ளி ஏறவில்லை என்றால், விரித்தால் மேசையை மூடுகிற அளவு சுற்றுப்படத்தில் விரலை வைத்து, மின்சாரம் எந்த வழியால் போயிருக்க வேணும், எந்த இடத்தில் நின்றது என்று தேட வேணும். பெரும்பாலும் குற்றவாளி கருகிப்போன ஒரு சின்னத் தொடுமுனை. மெல்லிய அரத்தால் இரண்டு தரம் உரசினால் சரி. அவசரக்காரர் எல்லாச் சுவிற்ச்சையும் வளைத்துப் பார்ப்பார். பிறகு ஒரு பழுது பத்துப் பழுதாகும். தொடாமல் விடவேண்டியது எது என்று தெரிவதுதான் கெட்டித்தனம்.

வீடியோ கேம் தொழிலும் இந்த ரூட்டிலிருந்துதான் பிறந்தது என்றால் நம்புவீர்களா? அட்டாரியை நிறுவியவர்கள் ஆரம்பத்தில் செலவுக்காகப் பின்போல் மேசைகளைக் கடைகளில் வைத்துப் பராமரித்தார்கள். 1972இல் அலன் அல்கோன் என்ற இளம் பொறியியலாளர் செய்த 'பொங்' விளையாட்டின் முதல் பெட்டியை, கலிபோர்னியாவின் சனிவேலில் அன்டி கப்ஸ் என்ற மதுக்கடையில் வைத்தார்கள். சில நாட்களில் கடையிலிருந்து அழைப்பு: பெட்டி வேலை செய்யவில்லை. அல்கோன் போய்த் திறந்து பார்த்தார். மின்சுற்றில் ஒரு கோளாறும் இல்லை. உள்ளே வைத்திருந்த காசுப் பாத்திரம் நிறைந்து வழிந்து, காசு போட இடமில்லாமல் நின்றிருந்தது! ஒரு பெரும் தொழில் பிறந்துவிட்டது என்ற செய்தி முதலில் கிடைத்தது திருத்தப் போன ஆளுக்குத்தான்.

காசு மாறினால்

கம்பனிகள் பெரிதாகப் பெரிதாக, மெக்கானிக்கின் கையில் உள்ள ஸ்குரூ டிரைவர் ஒரு நாட்டின் விலைவாசியோடு சம்பந்தப்பட்டது. கொக்கா கோலாவின் சின்ன அளவு 1886 தொடக்கம் 1950களின் முடிவு வரை 5 சதத்துக்கே விற்கப்பட்டது. அதற்குப் பல காரணங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று பெட்டி. நாடு முழுக்க இருந்த பெட்டிகள் 5 சதக் குற்றி ஒன்றை மட்டுமே ஏற்கும்படி செய்யப்பட்டவை. விலையைக் கூட்டுவதென்றால் அடுத்த குற்றி 10 சதம். ஒரேயடியாக இரண்டு மடங்கு! 1953இல் கம்பனி அமெரிக்க அரசிடமே ஏழரைச் சதக் குற்றி ஒன்றை அச்சடிக்கும்படி கேட்டது. அரசு மறுத்தது. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பொறிமுறையை மாற்றுவதைவிட ஒரு நாட்டின் நாணயத்தை மாற்றுவது சுலபம் என்று ஒரு கம்பனி நினைத்திருக்கிறது. திருத்துபவர்களின் உழைப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

ஜப்பானில் நடந்தது இதன் மறுபக்கம். காசுப் பெட்டிகளில் உலகில் முன்னுக்கு நிற்கும் நாடு அது. இன்றும் அங்கே சுமார் 40 இலட்சம் இயந்திரங்கள் இருக்கின்றன. 1982இல் அங்கே 500 யென் குற்றி வந்தது. அதே ஆண்டு தென்கொரியாவில் 500 வொன் குற்றியும் வந்தது. இரண்டும் ஒரே உலோகக் கலவை, ஒரே விட்டம். ஆனால் பெறுமதியில் வொன் குற்றி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான்.

பெட்டி எப்படிக் காசை அடையாளம் காண்கிறது? உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குச் சுழிப்போட்டம் ஞாபகம் இருக்கும். பழைய பொறிமுறைகளில் குற்றி ஒரு காந்தத்தைக் கடந்து உருளும். இரும்பென்றால் ஒட்டிக்கொள்ளும். கலவை உலோகமென்றால் அதற்குள் சுழிப்போட்டம் உண்டாகி வேகம் குறையும். எவ்வளவு குறைகிறது என்பது உலோகத்தைப் பொறுத்தது. சரியான வேகத்தில் வருவது சரியான வாசலில் விழும். விட்டமும் பாரமும் தனியே பார்க்கப்படும். வொன் குற்றி கொஞ்சம் பாரம் கூட. அதைச் சுரண்டியும் துளைத்தும் பாரத்தைக் குறைத்தால் பெட்டி ஏமாந்துவிடும். 1990களின் கடைசியில் இது ஒரு பெரிய மோசடியாகவே வளர்ந்தது. வொன்னைப் போட்டுத் திருப்பி எடுக்கும் நெம்பை அழுத்தினால், சில பெட்டிகள் உள்ளே இருந்த நல்ல யென்னைத் தந்துவிட்டன.

2000ஆம் ஆண்டில் ஜப்பான் வேறு கலவையில் புதிய 500 யென் குற்றியை வெளியிட்டது. 2021இல் மீண்டும் ஒரு புதியது. செய்திகளில் நாணயத்தின் வடிவம் வந்தது. ஆனால் புதிய குற்றியை வாங்க வேணுமென்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆள் போய்த் திறந்து, குற்றி அறியும் பகுதியைச் சரிசெய்யவோ மாற்றவோ வேணும். அரசு ஒரு நாளில் அறிவிக்கிறது. அதை உண்மையாக்குகிறவர்கள் வானில் போகிறவர்கள்.

நம்பிக்கை என்ற துண்டு

சாவி வைத்திருப்பவரைச் சமூகம் எப்போதும் நம்பவில்லை. 1942 ஜனவரியில் நியூயோர்க் மேயர் லா கார்டியா, பின்போல் என்பது பிள்ளைகளின் காசைப் பறிக்கும் சூதாட்டம் என்று சொல்லித் தடை போட்டார். பொலிஸார் ஆயிரக்கணக்கான பெட்டிகளைக் கைப்பற்றினார்கள். மேயரே சம்மட்டியால் உடைத்தார். 1976இல் தடையை நீக்குவதா என்று நகரசபை விசாரித்தபோது ரொஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர் விளையாடிக் காட்ட வந்தார். சபையில் ஒருவருக்குச் சந்தேகம்: இந்தப் பெட்டியை முன்கூட்டியே 'செட்' பண்ணியிருப்பார்களோ? அதனால் பதிலுக்குக் கொண்டுவந்திருந்த மற்றப் பெட்டியில் விளையாடச் சொன்னார்கள். குண்டு எந்த வழியால் இறங்கும் என்று முன்பே சொல்லிவிட்டு ஷார்ப் அதை விட்டார். சொன்ன வழியாலேயே இறங்கியது. தடை நீங்கியது.

அந்தச் சந்தேகம் வெறும் கற்பனை என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சூதாட்டப் பெட்டிகள் நேர்மையானவையா என்று பரிசோதிப்பதே ரொனால்ட் டேல் ஹாரிஸின் அரச வேலை. அவர் அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே இரகசியக் கட்டளைகளைப் புகுத்தினார். குறிப்பிட்ட ஒழுங்கில் காசுகளைப் போட்டால் பெட்டி பரிசைக் கொட்டும். 1995இல் மாட்டிக்கொண்டு சிறை சென்றார். ஒருவர் செய்த இந்த வேலையை வைத்து ஒரு தொழிலையே கள்ளத் தொழில் என்று சொல்லக்கூடாது. ஆனால் திறக்கத் தெரிந்தவரின் நேர்மையும் அந்த இயந்திரத்தின் ஒரு துண்டு என்பதை இது காட்டுகிறது. அது உடைந்தால் மாற்றுத் துண்டு கிடையாது.

கதவு திறக்கும், உள்ளே திறக்காது

1970களின் பிற்பகுதியில் பின்போல் மேசைகளுக்குள் சிப் வந்தது. றிலேக்களைக் காதால் கேட்டே பழுது சொன்னவர்கள் சோல்டரிங் கோலையும் அளவுமானியையும் பிடிக்கப் பழக வேண்டியிருந்தது. புதிய வியாதிகளும் வந்தன. நினைவகத்துக்காகப் பலகையில் வைத்த பெற்றரி கசிந்து செப்புக் கோடுகளை அரித்துவிடும். இன்றும் பழைய மேசைகளை மீட்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பெற்றரியைத்தான். நன்மையும் இருந்தது. கதவுக்கு உள்ளே ஒரு பொத்தானை அழுத்தினால் இயந்திரமே தன்னைப் பரிசோதித்துச் சொல்லியது.

ஆனால் மெல்ல மெல்ல, பழுதைக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாகப் பலகையை முழுசாகக் கழற்றிப் புதியதைப் போடுவது வழக்கமானது. இப்போது பல விற்பனைப் பெட்டிகள் எது தீர்ந்தது, எது பழுது என்பதை இணையம் வழியாக அலுவலகத்துக்கு அறிவிக்கின்றன. மெக்கானிக் எந்தப் பெட்டிக்கு எப்போது போக வேணும் என்பதை ஒரு மென்பொருள் சொல்கிறது. கதவின் சாவி இன்னும் அவர் கையில்தான். உள்ளே இருக்கும் மென்பொருளின் சாவி கம்பனியின் கையில்.

இது பெரிய சட்டப் பிரச்சினையாகவே வந்துவிட்டது. அமெரிக்காவில் உணவகங்களில் இருக்கும் ஐஸ்கிரீம் இயந்திரங்கள் அடிக்கடி நின்றுபோவது நாடறிந்த பகிடி. பழுது என்னவென்று சொல்லும் குறியீடுகள் மென்பொருள் பூட்டுக்குப் பின்னால் இருந்தன. அந்தப் பூட்டை உடைப்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகலாம். திருத்தும் உரிமைக்காகப் போராடியவர்களின் கோரிக்கையால், 2024 ஒக்டோபரில், கடைகளில் உணவு தயாரிக்கும் இயந்திரங்களைத் திருத்துவதற்காகப் பூட்டைத் திறக்கலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. பெட்டியின் சொந்தக்காரர் தன் பெட்டியைத் திறப்பதற்கு அரசிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஃபேயிடம் இதைச் சொன்னால் சிரித்திருப்பார்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஒரு சமூகத்துக்குத் திருத்துறது எண்டால் என்னவென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எங்களுடைய அப்பாமாரும் மாமாமாரும் எதையும் கழற்றிப் பார்க்கப் பயப்படாதவர்கள். கழற்றிப் பார்க்கவே விடாத பொருட்களின் காலத்தில் வளர்கிறவர்கள் நாங்கள்.

இயந்திரம் வந்தால் ஆளுக்கு வேலை இல்லை என்ற பேச்சை இப்போது எங்கும் கேட்கிறோம். இந்தப் பெட்டிகளின் வரலாறு வேறு ஒன்றைச் சொல்கிறது. ஆள் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றப்பட்டார். முதலில் அவரிடமிருந்து பெட்டியின் சொத்துரிமை போனது, பிறகு காசு, இப்போது அறிவும் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே ஒரு புது இயந்திரத்தைப் பார்க்கும்போது அது எத்தனை பேருடைய வேலையை எடுக்கும் என்று மட்டும் கேட்டால் போதாது. அது பழுதானால் யார் வருவார், அவருக்கு என்ன சம்பளம், அவருடைய சாவி எந்தக் கதவு வரைக்கும் திறக்கும் என்பதையும் நாங்கள் கேட்க வேணும்.